கூரை எவருடையது? லிந்துலைப் பகுதியில் வீட்டுச் சூரியமின்னின் செலவும் பயனும் பற்றிய சில குறிப்புகள்

ஒரு பொருளின் விலையை அறிவது வேறு. அவ்விலையைக் கொடுத்து அப்பொருளினாற் பயன்பெறத்தக்கவர் யாவர் என்பதை அறிவது வேறு. இலங்கையிற் கூரைமேற் சூரியமின் பற்றி அண்மைக் காலத்தில் வெளிவரும் விளக்கங்கள் பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகின்றன. இத்தனை கிலோவாற்று, இத்தனை இலட்சம் ரூபா, இத்தனை ஆண்டில் முதல் மீளும் என்ற அளவில் அவை முடிகின்றன. அக்கணக்குகள் பிழையானவை என நாம் கூறவரவில்லை. அவை யாருடைய கூரையையும் யாருடைய மின்பட்டியலையும் மனத்திற் கொண்டு போடப்பட்டவை என்பதே நாம் எழுப்பும் வினா. நுவரெலியா மாவட்டத்து லிந்துலைப் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, செலவு, சலுகை, முதல் மீளும் காலம் ஆகிய மூன்றையும் விளக்கி, அவற்றுக்கு அடியிலுள்ள சொத்துறவைச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்கட்டணமும் வங்கி வட்டியும் தமிழ் மாணவருக்கு உரிய பொருளாகுமா என்ற ஐயம் சிலருக்கு எழலாம். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தாம் எழுதிய நாவலுக்கு ‘வீடற்றவன்’ எனப் பெயரிட்டார். கூரையின் கீழ் வாழ்ந்தும் கூரைக்கு உரியவனாகாத மனிதனின் நிலை மலையக இலக்கியத்தின் அடிப்படைப் பொருள்களுள் ஒன்று. அதே நிலை இன்று சூரியமின் கணக்கிலும் வந்து நிற்பதை நாம் காண்போமாயின், இலக்கியமும் அரசியற் பொருளாதாரமும் ஒரே வாழ்க்கையின் இரு முகங்கள் என்பது தெளிவாகும்.

1. மின் பிறக்கும் மண்

இலங்கையின் நீர்மின் வரலாறு மலைநாட்டின் வரலாறாகும். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் நீர்மின்னின் பொருளாதாரம் பற்றிய தமது ஆய்வுரையை முன்வைத்தார். அவர் கண்ட லக்சபான மின்நிலையம் 1950இலேயே இயங்கத் தொடங்கியது. ஆனால் அதற்கு முன்னரே தேயிலைத் தோட்டங்கள் மின்னை அறிந்திருந்தன. ஆங்கிலேயத் தோட்டத்துரைமார் ஓடைகளை மறித்து அமைத்த சிறு நீர்மின் நிலையங்கள் ஏறத்தாழ ஐந்நூறு இருந்தன எனக் கணக்கிடப்பட்டுள்ளது. அவை தேயிலைத் தொழிற்சாலையின் உருளைகளைச் சுழற்றின. துரையின் பங்களாவுக்கு விளக்கேற்றின. அதே ஓடையின் கரையில் இருந்த லயங்களோ மண்ணெண்ணெய் விளக்கோடு நெடுங்காலம் நின்றன. மின்னை உற்பத்தி செய்யும் வல்லமை இல்லாமையாற் தோன்றிய இருளன்று அது. மின் யாருக்குப் பாய வேண்டும் என்பதைத் தோட்டத்தின் சொத்துறவே முடிவு செய்தது.

பின்னைய உதாரணமொன்று லிந்துலைக்கு மிக அண்மையிலேயே உள்ளது. கொத்மலை ஓயாவைத் தலவாக்கலையில் மறித்து அமைக்கப்பட்ட மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் 150 மெகாவாற்றுத் திறனுடன் இயங்கத் தொடங்கியது. அத்திட்டத்துக்காகக் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன; சென் கிளயர் நீர்வீழ்ச்சியின் நீர் குன்றியது. தலவாக்கலை – லிந்துலை நகரசபை எல்லையிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் வாழும் மக்கள் நாட்டின் மின்சாரத்துக்குத் தம் ஆற்றையும் நிலத்தையும் கொடுத்தவர்கள். இன்று பேசப்படும் சூரியமின் இந்த வரலாற்றின் அடுத்த படியாகும். ஆற்றுக்கு அணை கட்ட அரசும் அந்நியக் கடனும் தேவைப்பட்டன. வெயிலைப் பிடிக்க ஒரு கூரை போதும். ஆதலாற் சூரியமின் மக்களுக்கு நெருங்கியது, ஜனநாயகத் தன்மை வாய்ந்தது என்று கூறப்படுகிறது. இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைப் பார்ப்போம்.

2. முறைமையும் காலநிலையும்

சூரியப்படல் ஒளியை நேரோட்ட மின்னாக மாற்றுகிறது. ‘இன்வேட்டர்’ எனப்படும் கருவி அதனை வீட்டுப் பாவனைக்கும் நாட்டின் மின்வலையமைப்புக்கும் உகந்த ஆடலோட்டமாக மாற்றுகிறது. இருவழி மின்மானி, வலையமைப்புக்குச் செல்லும் அலகையும் அதிலிருந்து வரும் அலகையும் வெவ்வேறாகக் குறிக்கிறது. இன்று சந்தையில் உள்ள படல்கள் இரண்டு ஏறத்தாழ ஒரு கிலோவாற்றுத் திறனுடையவை. அவற்றுக்கு ஐந்து சதுர மீற்றர் அளவான கூரைப்பரப்பு வேண்டும். படல்களுக்கு இருபத்தைந்து ஆண்டு வரை உத்தரவாதம் கூறப்படுகிறது; அவற்றின் திறன் ஆண்டுதோறும் அரை வீதமளவிற் குறையும். இன்வேட்டரைப் பத்தாண்டளவில் மாற்ற நேரலாம். வலையமைப்போடு இணைந்த சாதாரண முறைமை, மின்தடையின்போது பாதுகாப்பின் பொருட்டுத் தானும் நின்றுவிடும் என்பதையும் மனங்கொள்ள வேண்டும். மின்தடையிலும் விளக்கெரிய வேண்டுமாயின் மின்கலம் வேண்டும்; அது தனிச் செலவாகும்.

லிந்துலையின் காலநிலை இங்கு இரு வகையிற் செயற்படுகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சிறப்பாக ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, முகிலும் மூடுபனியும் மழையும் வெயிலை மறைக்கின்றன. யாழ்ப்பாணத்திலோ அம்பாந்தோட்டையிலோ ஒரு கிலோவாற்று நாளொன்றுக்குச் சராசரி நான்கு அலகுக்கு மேல் தரும்போது, மலையுச்சிப் பகுதிகளில் அவ்வளவை எதிர்பார்க்க முடியாது. மறுபுறத்தில், வெப்பம் கூடக்கூடப் படலின் திறன் குறையும் என்பதால் மலைநாட்டுக் குளிர் அதற்கு அனுகூலமானது. ஜனவரி முதல் மார்ச் வரையான தெளிந்த வானமும் துணைசெய்யும். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து, நாளொன்றுக்குக் கிலோவாற்றுக்கு 3.3 அலகு எனக் கொண்டு எமது கணக்கைப் போடுவோம். கிழக்கு மலைச்சரிவு, மேற்குச் சரிவு, நிழல் தரும் சவுக்கு மரங்கள் என்பவற்றுக்கேற்ப இது கூடலாம், குறையலாம்.

3. சலுகைகளின் வரலாறு

இலங்கையில் வீட்டுச் சூரியமின் இரு கட்டங்களாக வளர்ந்தது. முதற்கட்டம் வலையமைப்பு எட்டாத கிராமங்களுக்குரியது. 1997இல் உலக வங்கியின் துணையோடு தொடங்கிய திட்டமும், அதனைத் தொடர்ந்து 2002 முதல் 2011 வரை நடைபெற்ற திட்டமும் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சிறு முறைமைகள் வீடுகளிற் பொருத்தப்படத் துணைநின்றன. சிறுகடன் நிறுவனங்கள் தவணை முறையிற் கடன் கொடுத்தன. ஒரு படல், ஒரு மின்கலம், சில விளக்குகள், ஒரு வானொலி அல்லது தொலைக்காட்சி என்பதே அம்முறைமையின் அளவு. வலையமைப்புக் கிராமத்துள் வந்ததும் பலர் அதனைக் கைவிட்டனர். சிலர் கைவிட்ட பொருளுக்குத் தவணை கட்டும் நிலைக்கு உள்ளாயினர். கடன் தீரும் காலமும் பொருள் பயன்படும் காலமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை அக்கட்டம் தந்தது.

இரண்டாங் கட்டம் வலையமைப்பு உள்ள வீடுகளுக்குரியது. 2010இல் அறிமுகமான முறையில் வீட்டார் மிகையாகக் கொடுத்த அலகுகள் அடுத்த மாதங்களுக்கு வரவாக வைக்கப்பட்டன, பணம் வழங்கப்படவில்லை. 2016 செப்டெம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற பெயரில் அரசு தொடங்கிய திட்டம், அம்முறையோடு வேறிரண்டைச் சேர்த்தது. ஒன்று, வீட்டுப் பாவனை போக எஞ்சியதைப் பணத்துக்கு விற்கும் நிகரக் கணக்கு முறை. மற்றொன்று, உற்பத்தி முழுவதையும் விற்றுப் பாவனைக்கு வழமையான கட்டணம் செலுத்தும் முறை. ஒப்பந்தம் இருபது ஆண்டுக்குரியது. முதல் ஏழு ஆண்டுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும் அதன் பின்னர் 15.50 ரூபாவும் வழங்கப்படும் என அன்று அறிவிக்கப்பட்டது. 2017இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கூரைச் சூரியமின் கடன்களுக்காக ஐந்து கோடி அமெரிக்க டொலரை அங்கீகரித்தது.

ரூபாவின் வீழ்ச்சியும் பதின்மூன்று மணிநேர மின்வெட்டும் கண்ட 2022இல் புதிய ஒப்பந்தங்களுக்கான விலை 37 ரூபாவாக உயர்ந்தது. 2024இல் அது ஏறத்தாழ 27 ரூபாவுக்கு இறங்கியது. 2025இல் ஐந்து கிலோவாற்று வரையான முறைமைகளுக்கு 20.90 ரூபா எனவும், ஐந்துக்கு மேல் இருபது கிலோவாற்று வரை 19.61 ரூபா எனவும் நிர்ணயிக்கப்பட்டது. உலகச் சந்தையிற் படலின் விலை 2010இன் பின் பெரிதும் வீழ்ந்திருப்பதால் விலைக்குறைப்புக்கு நியாயம் உண்டு. ஆயினும் ஓர் உண்மையை இவ்விடத்துக் கவனிக்க வேண்டும். சலுகை என்பது முன்னே வந்தவருக்குக் கூடுதலாகவும் பின்னே வருபவருக்குக் குறைவாகவும் கிடைக்கும் வரிசையாக அமைந்துவிட்டது. கையில் முதல் உள்ளவர் முன்னே வருவர். முதலைத் தேட வேண்டியவர் பின்னே நிற்பர்.

4. ஒரே வெயில், இரண்டு கணக்கு

இனி எண்களுக்கு வருவோம். 2025 ஜூன் 12 முதல் நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தை அடிப்படையாகக் கொள்வோம். மாதம் 60 அலகுக்கு மேற்படாத வீட்டில் முதல் 30 அலகுக்கு அலகொன்று 4.50 ரூபா, அடுத்த 30 அலகுக்கு 8 ரூபா. 60ஐத் தாண்டிய வீட்டில் முதல் 60 அலகுக்கு 12.75 ரூபா, 61 – 90க்கு 18.50 ரூபா, 91 – 120க்கு 24 ரூபா, 121 – 180க்கு 41 ரூபா, 180க்கு மேல் 61 ரூபா. நிலைக்கட்டணத்தையும் வரியையும் கணக்கின் எளிமைக்காக விட்டுவிடுவோம்.

முதல் வீடு லிந்துலைக் கடைவீதியை ஒட்டிய ஒரு வர்த்தகரின் மாடி வீடு எனக் கொள்வோம். குளிர்சாதனப் பெட்டி, நீர் சூடாக்கி, சலவை இயந்திரம் ஆகியவற்றோடு அதன் மாதப் பாவனை 300 அலகு. இப்பாவனைக்கான கட்டணம் 11,820 ரூபா. சராசரியாக அலகொன்று 39.40 ரூபாவாகிறது. இவ்வீட்டார் ஒன்பது இலட்சம் ரூபா செலவில் ஐந்து கிலோவாற்று முறைமையைப் பொருத்துகின்றனர் என்க. மாத உற்பத்தி 495 அலகு. வீட்டுப் பாவனை ஈடாகிறது. மிகுதி 195 அலகு 20.90 ரூபாவுக்கு விற்கப்பட்டு 4,075 ரூபா வருகிறது. மாத நன்மை 15,895 ரூபா. ஆண்டுக்கு 1,90,740 ரூபா. ஒன்பது இலட்சம் ஐந்து ஆண்டுக்கு உட்பட்டு மீண்டுவிடும். பன்னிரண்டு வீத வட்டியில் முழுத் தொகையையும் கடனாகப் பெற்றாலும் ஏழரை ஆண்டுக்குட் கடன் தீரும். எஞ்சிய பன்னிரண்டு ஆண்டுக்கு மேற்பட்ட காலம் வெறும் இலாபமாகும்.

இரண்டாவது வீடு அதே வீதியிலிருந்து மேலேறிச் சென்றால் வரும் லயத்துக் காம்பரா. மூன்று விளக்கு, ஒரு தொலைக்காட்சி, ஒரு ஸ்திரிக்கைப் பெட்டி, தொலைபேசிக்கு மின்னேற்றல் என்பவற்றோடு அதன் பாவனை 60 அலகு எனக் கொள்வோம். சமையல் விறகிலேயே நடக்கிறது. அதனைச் சூரியப்படல் மாற்றப் போவதில்லை. 60 அலகுக்கான கட்டணம் 375 ரூபா. அலகொன்று சராசரி 6.25 ரூபா. ஒரு கிலோவாற்று முறைமையை இக்குடும்பம் பொருத்துவதாக எண்ணுவோம். முறைமை சிறிதாகும்போது கிலோவாற்றுக்கான செலவு கூடும் என்பதால் விலையை இரண்டரை இலட்சம் எனக் கொள்வோம். மாத உற்பத்தி 99 அலகு. பாவனை ஈடாவதால் 375 ரூபாவும் எஞ்சிய 39 அலகை விற்பதால் 815 ரூபாவும் ஆக 1,190 ரூபா நன்மை. முதல் மீளப் பதினேழரை ஆண்டாகும். ஈடுசெய்யாமல் முழுவதையும் விற்றால் மாதம் 2,069 ரூபா கிடைக்கும், அப்போது பத்தாண்டு. தன் கூரையில் விளையும் மின்னைத் தான் பாவிக்காது விற்பதே தொழிலாளிக்கு இலாபமாக அமைவது இம்முறையின் விசித்திரங்களுள் ஒன்றாகும்.

ஆனால் இந்தப் பத்தாண்டும் கையிற் காசு உள்ளவருக்குரிய பத்தாண்டு. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தில் இரண்டரை இலட்சம் என்பது 185 நாட் கூலி. அதனைப் பன்னிரண்டு வீத வட்டிக்கு வாங்கினால் ஆண்டு வட்டி மாத்திரம் 30,000 ரூபா. முழுவதையும் விற்று வரும் ஆண்டு வருமானமோ 24,829 ரூபா. வட்டியையே கட்டித் தீர்க்காத வருமானம் முதலை ஒருபோதும் மீட்காது. கடைவீதி வீட்டுக்கு ஏழரை ஆண்டு, லயத்துக்கு முடிவிலி.

இரு கூரைகளிலும் விழும் வெயில் ஒன்றே. ஓர் அலகு மின் ஏற்றும் விளக்கும் ஒன்றே. அதன் பயன்பாட்டுப் பெறுமதியில் வேற்றுமை இல்லை. ஆயினும் சொந்தப் பாவனையை ஈடுசெய்யும் அந்த அலகு ஒரு கூரையில் 39.40 ரூபாவாகவும் மறு கூரையில் 6.25 ரூபாவாகவும் மதிக்கப்படுகிறது. ‘முதல் மீளும் காலம்’ என்று நாம் கூறுவது சூரியனின் இயல்பையோ படலின் இயல்பையோ மாத்திரம் காட்டும் எண்ணன்று. பாவனை, வருமானம், கடன்பெறும் தகுதி ஆகிய சமூக உறவுகள் அதனுள் எண்ணுருவில் உறைந்து கிடக்கின்றன. கட்டண விகிதமும் படலின் விலையும் நாளை மாறலாம். அப்போது எமது எண்களும் மாறும். இவ்விரு வீடுகளுக்கும் இடையிலான தூரம் அதனால் மட்டும் மறைந்துவிடாது.

5. சலுகையின் செலவு யாருடையது?

ஏழைக் குடும்பத்துக்கு மலிவான கட்டணம் இருப்பதாற்றானே அதற்குச் சூரியமின் இலாபமில்லை, அதிற் குறைபட என்ன இருக்கிறது என ஒருவர் வினவலாம். வினா நியாயமானது. 60 அலகுக்குட்பட்ட குடும்பத்துக்கு மலிவுவிலை கிடைப்பது மக்கள் பெற்ற நலன்களுள் ஒன்று. அதனைக் காப்பதே எமது நிலைப்பாடு. ஆனால் அந்த மலிவுவிலை எவ்வாறு தாங்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். உற்பத்திச் செலவிலும் குறைந்த விலைக்குக் கீழ்ப்படி அலகுகள் விற்கப்படும்போது, அந்த இழப்பின் ஒரு பகுதி 61 ரூபா கொடுக்கும் மேற்படிப் பாவனையாளரிடமிருந்து ஈடுசெய்யப்படுகிறது. அந்த மேற்படிப் பாவனையாளரே சூரியமின்னுக்கு முதலில் மாறுபவர். அவர் மாறியதும் 61 ரூபா வருவாய் நின்றுவிடுகிறது, மிகுதிக்கு 20.90 ரூபா கொடுக்கவும் வேண்டியுள்ளது. இரவில் அவருக்கு மின் வழங்க அணையும் அனல்நிலையமும் கம்பிகளும் முன்போலவே தேவைப்படுகின்றன. அச்செலவு எஞ்சிய பாவனையாளர்மீதோ அரசின் வரவுசெலவுமீதோ இறங்குகிறது.

இது இலங்கைக்கே உரிய சிக்கலன்று. சூரியமின்னுக்கு இருபதாண்டு உறுதிவிலை என்ற கொள்கையை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தாற் பரவச்செய்த ஜெர்மனியிலும், அவ்விலையின் சுமை நெடுங்காலம் எல்லா வீடுகளின் மின்பட்டியலிலும் மேலதிகக் கட்டணமாக ஏற்றப்பட்டிருந்தது. 2022இல் அது நீக்கப்பட்டு அரச நிதிக்கு மாற்றப்பட்டது. கூரை உள்ளவர் பெறும் விலையைக் கூரை இல்லாத வாடகைக் குடியினரும் கட்டினர் என்ற விமர்சனம் அங்கும் எழுந்தது.

இலங்கையிற் கூரைச் சூரியமின்னின் மொத்தத் திறன் 2025இல் ஆயிரம் மெகாவாற்றைத் தாண்டியிருந்தது. பகலில் மின் மிகுந்து, மாலையிற் குறையும் நிலை தோன்றியது. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்தபோது, வலையமைப்பின் உறுதியைக் காக்கக் கூரை முறைமைகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கோரியது. தனித்தனிக் கூரைகளின் இலாபக் கணக்கை மாத்திரம் தூண்டுகோலாகக் கொண்டு வளர்ந்த உற்பத்தி, பொது வலையமைப்பின் தேவையோடு முரண்பட்ட கணம் அது. தனியார் சுவீகரிப்புக்கும் உற்பத்தியின் சமூகத் தன்மைக்கும் இடையிலான முரண்பாடு பாடநூலில் மாத்திரம் வாழ்வதன்று என்பதை இவ்வுதாரணம் காட்டும்.

6. கூரையின் உரிமை

இதுவரை லயத்துக் குடும்பம் விரும்பினாற் படல் பொருத்தலாம் என்ற எடுகோளில் நின்றோம். அந்த எடுகோளையே இனிச் சோதிக்க வேண்டும். லயம் என்பது பல காம்பராக்கள் ஒரே தொடராக அமைந்து, ஒரே தகரக் கூரையின் கீழ் வரும் கட்டடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் மேலுள்ள பரப்பு ஏறத்தாழ பதினொரு சதுர மீற்றர். அதில் இரு படல் வைக்க இடமுண்டு. பழைய தகரமும் உளுத்த மரச்சட்டமும் அப்பாரத்தையும் மலைக்காற்றின் இழுவையையும் தாங்குமா என்பது வேறு வினா. எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கூரை அக்குடும்பத்துக்கு உரியதன்று.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களாற் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐம்பத்து மூன்று ஆண்டுக் குத்தகைகள் பின்னர் ஏற்பட்டன. நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, உழைப்பு தொழிலாளிக்கு என்ற பிரிவில், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு யாருக்கு என்ற வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. இருபதாண்டு ஒப்பந்தத்துக்குக் கையொப்பமிட, இருபதாண்டும் அக்கூரையின் கீழ் இருப்போம் என்ற உறுதி வேண்டும். வங்கிக்குப் பிணை வேண்டும். இரண்டும் உரித்தின் வழியே வருவன. ஏழு பேர்ச்சஸ் காணியுடனான தனிவீட்டுத் திட்டங்களும் இந்திய உதவியுடனான வீடமைப்பும் ஒரு பகுதியினருக்கு இவ்வுறுதியைத் தரத் தொடங்கியுள்ளன; லயங்களில் எஞ்சியிருப்போர் இன்னும் பலர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மலைநாட்டில் நேர்ந்த மண்சரிவுகள், கூரையின் உரிமையோடு அக்கூரை நிற்கும் நிலத்தின் பாதுகாப்பையும் வினாவாக்கின.

தமிழ்நாட்டு அனுபவம் ஒன்று இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 2011இல் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் சூரியமின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில், ஆண்டுக்கு 60,000 வீதம் ஐந்தாண்டில் மூன்று இலட்சம் வீடுகள் கட்ட அரசு முனைந்தது. முந்நூறு சதுர அடி வீடும் அதன் சூரிய விளக்குகளும் அரச செலவிலேயே தரப்பட்டன. ஏழைக்குக் கடன் கொடுத்து முதல் மீளும் காலத்தை எண்ணச் சொல்லாமல், விளக்கை வீட்டின் உறுப்பாகக் கருதியது அத்திட்டத்தின் சிறப்பு. ஆனால் பயனாளிக்குச் சொந்த மனையும் பட்டாவும் இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை அங்கும் இருந்தது. பட்டா இல்லாதவனின் கூரைக்குச் சூரியன் எட்டவில்லை.

7. கூட்டுக் கூரை

விடை எங்கே? தனிக்குடும்பக் கடனை விரிவுபடுத்துவதில் அது இல்லை என்பதை மேலைக் கணக்கு காட்டியது. கூரையைத் தனிச் சொத்தாகப் பார்க்கும் பார்வையை விட்டு, தோட்டத்தில் ஏலவே உள்ள பொதுக் கூரைகளை நோக்குவோம். பாடசாலை, கோயில் மண்டபம், பிள்ளைப் பராமரிப்பு நிலையம், சனசமூக நிலையம் ஆகியன ஒவ்வொரு பெரிய தோட்டத்திலும் உண்டு. பத்துக் கிலோவாற்றுக்கு ஐம்பது சதுர மீற்றர் போதும்.

கிலோவாற்றுக்கு 1,80,000 ரூபா வீதம் பதினெட்டு இலட்சம் ரூபா செலவில் அத்தகைய முறைமை ஒன்றை அமைத்து, உற்பத்தி முழுவதையும் 19.61 ரூபாவுக்கு விற்பதாகக் கொள்வோம். ஆண்டு உற்பத்தி 12,045 அலகு; வருமானம் ஏறத்தாழ 2,36,200 ரூபா. வட்டியில்லா முதலாயின் ஏழரை ஆண்டளவில் மீளும். பன்னிரண்டு வீத வட்டியாயின் ஒப்பந்தக் காலமான இருபதாண்டிலும் கடன் தீராது. ஆறு வீத வட்டியாயின் பத்தரை ஆண்டில் தீரும். எஞ்சிய ஒன்பது ஆண்டுக்கு மேற்பட்ட வருமானம் பொது நிதியாகும். இன்வேட்டரை மாற்றவும் பராமரிக்கவும் இதில் ஒரு பகுதியை ஒதுக்கவேண்டும். முதல் முழுவதும் மானியமாயின், முதலாண்டிலேயே பன்னிரண்டு காம்பரா கொண்ட ஒரு லயத்தின் முழு மின்பட்டியலையும், நிலைக்கட்டணத்தோடு ஆண்டுக்கு 84,240 ரூபா, இந்த ஒரு கூரை கட்டிவிட்டு மேலும் ஒன்றரை இலட்சம் மீதம் வைக்கும்.

மானியம் என்பது கற்பனையன்று. இலங்கையின் ஐயாயிரம் வழிபாட்டிடங்களுக்கு ஐந்து கிலோவாற்று வீதம் சூரியமின் அமைக்கும் இந்திய நன்கொடைத் திட்டம் 2025 ஏப்ரலில் தொடக்கிவைக்கப்பட்டது. கோயிலுக்கும் விகாரைக்கும் பள்ளிவாசலுக்கும் கடனும் வட்டியும் இன்றிக் கொடுக்கக்கூடிய ஒன்றை, தோட்டப் பாடசாலைக்கும் லயத்துக்கும் கொடுக்க இயலாது என்பதற்குப் பொருளாதாரக் காரணம் எதுவுமில்லை.

வருமானத்தை யார் நிருவகிப்பது என்பதும் முக்கியம். தோட்டங்களிற் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏலவே உள்ளன. அவை உயிர்த்துடிப்போடு இயங்குமாயின், மின்வருமானத்தின் கணக்கை மாதந்தோறும் உறுப்பினர் முன் வைக்கும் அமைப்பாக அவற்றை வளர்க்கலாம். கம்பனியின் தொழிற்சாலைக் கூரையிலும் படல்கள் ஏறிவருகின்றன. அந்த வருமானத்தில் தொழிலாளருக்கு என்ன பங்கு என்பது கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இடம்பெற வேண்டிய விடயமாகும். கொழுந்தின் கிலோவைப் பேசிய தொழிற்சங்கம் இனிக் கூரையின் கிலோவாற்றையும் பேசவேண்டும்.

8. முடிவாக

லிந்துலைக் கடைவீதியில் வாழ்வோர் சூரியப்படல் பொருத்துவதை நாம் குறைகூறவில்லை. தம் பாவனை 180 அலகைத் தாண்டுமாயின், கூரை உறுதியாயின், முதல் கையில் உண்டாயின் அவர்களுக்கு அது நல்ல முதலீடு. நாட்டின் எரிபொருள் இறக்குமதியையும் அது குறைக்கும். 90 அலகுக்குட்பட்டோர் சொந்தப் பாவனையை ஈடுசெய்யும் நோக்குடன் வங்கிக் கடன் பெற்றுப் பொருத்துவது அறிவுடைமையன்று. விற்பனையாளர் காட்டும் கணக்கில் யாருடைய மின்பட்டியல் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை அவர்கள் முதலிற் கேட்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் குறித்தோ வினா வேறு. ஓடை மின்னானபோது அது தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் போயிற்று. ஆறு மின்னானபோது அது சமவெளிக்கு இறங்கிச் சென்றது. இப்போது வெயில் மின்னாகும் காலம். அந்த வெயில் எவருடைய கூரையில் விழுகிறது என்பதை வானம் முடிவு செய்கிறது. அக்கூரை எவருடையது என்பதை மனிதர் முடிவு செய்கின்றனர். வீட்டுரிமைக்கும் காணியுரிமைக்குமாக மலையகம் நடத்திவரும் போராட்டத்தினின்றும் சூரியமின் பற்றிய பேச்சைப் பிரிக்க முடியாது. இருண்ட லயத்துக்கு விளக்கு வேண்டும் என்று முன்னைய தலைமுறை கேட்டது. விளக்கேற்றும் மின்னில் உரிமை வேண்டும் என்று கேட்பது இத்தலைமுறையின் பணியாகும்.